மூக்குக்கு வேலையில்லாத ரயில்

அன்புள்ள பெரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கை கணவன் வணங்கி எழுதுவது. இங்கு இருவரும் நலம். இக்கடிதம் வந்து சேர்வதற்குள் அக்காவின் முட்டிவலி பாதியாவது குறைந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

நிற்க. எந்த டிரைவருக்கு எந்த வண்டி என்று முடிவு செய்யும் நாற்காலியில் தாங்கள் இருப்பதால் ஒரு வேண்டுகோள். என்னைப் பழையபடி டீசல் வண்டிக்கே மாற்றித் தர வேண்டும்.

இப்போது ஓட்டும் ஹைட்ரஜன் வண்டி தங்கமான வண்டிதான், குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கூரை மேல தொட்டியில ஹைட்ரஜன், அது காத்தோட சேர்ந்தா கரண்டு, மிச்சம் வெறும் தண்ணி, புகையே கிடையாது. ஆனா முதல் நாளே ஸ்டேஷன்ல நிக்கும்போது வண்டிக்கடியில சொட்டுச்சொட்டா ஒழுகுது. டீசல்காரன் கை சும்மா இருக்குமா? விரல்ல தொட்டு மோந்தா டீசலா, ஆயிலா, எந்தப் பைப்புன்னு நான் சொல்லிடுவேனே! மோந்தேன். ஒண்ணுமில்ல. திரும்ப மோந்தேன். ம்ஹூம். போச்சுடா, மூக்கு போச்சு! அடுத்த மாசம் மருத்துவப் பரிசோதனை வேற, தேறலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அந்தக் கலக்கத்தோட ஏறி உக்கார்ந்தா இன்ஜின் சத்தமும் கேக்கல. சரி, காதும் கூடவே கிளம்பிடுச்சு! கார்டு கொடி காட்டறார், நான் இன்னும் ஸ்டார்ட் ஆகலைன்னு கையை ஆட்டறேன், அவர் ஆட்டறார், நான் ஆட்டறேன், பிளாட்பாரமே எங்களை வேடிக்கை பார்க்குது. வண்டி எப்பவோ தயாரா நிக்குதாம்!

யூனிஃபார்மோட டாக்டரம்மாகிட்ட ஓடினேன். கண்ணை மூடச் சொல்லி மூக்குகிட்ட பஞ்சைக் காட்டினாங்க. ஸ்பிரிட்டுன்னேன். "மூக்கு, காது ரெண்டும் நல்லாயிருக்கு. உங்க வண்டியிலதான் மோந்து பார்க்க ஒண்ணுமில்ல"ன்னு சிரிக்கறாங்க. அவங்களுக்கென்ன, எனக்கு தினமும் சந்தேகமாவே இருக்கு மச்சான். டீசல்னா மூக்கும் காதும் வேலை செய்யுதான்னு வண்டியே சொல்லிடும்.

ஆகவே தயவுசெய்து ஆவன செய்யவும். அக்காவுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
டீசல் மாப்பிள்ளை

பி.கு: அண்ணா, நான்தான் எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், பிரிச்சுப் படிச்சுட்டேன். இவர் கேட்டதைக் காதுலயே போட்டுக்காதே. மாத்தினே, அப்புறம் எனக்கு அண்ணனே கிடையாது. டீசல் ஓட்டின காலமெல்லாம் வீட்டுக்குள்ளயும் இன்ஜின் சத்தத்துக்கு மேல கத்தித்தான் பேசுவார், உப்பு கேட்டாக்கூட தெருவே எட்டிப் பார்க்கும். நேத்து சாயங்காலம் பக்கத்துல வந்து உக்கார்ந்து, மெதுவா, "சாப்பிட்டியா?"ன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி அவர் பேசினது அதுதான் முதல் தடவை.