பனிமனிதனும் லாரி பேட்டரியும்

ஊரைத் திருத்தக் கிளம்புகிறவன் கையில் ஸ்பேனர் சிக்கக் கூடாது. இது என் தத்துவமல்ல. என்னைப் பற்றி என் குடும்பம் கண்டுபிடித்தது.

மலாயா சுதந்திரம் வாங்கிய புதிது. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறிவிட்டு, மலாக்காவில் காஜா பெராங் வீட்டில் சும்மா இருந்தேன். (சும்மா இருப்பவனுக்குத்தானே நாட்டைப் பற்றிக் கவலை!) புக்கிட் ரம்பாய்க்கு அப்பால், ரப்பர் தோட்டத்தில், என் அத்தை மகள் லெட்சுமி ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு மலாக்கா டவுனில் நேர்முகத் தேர்வு, ஆங்கிலத்தில். தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் பால்மரம் வெட்டப் போக வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார்.

"எழுதிடுவேன் அத்தான். வாயத் தொறந்தாதான் இங்கிலீஷ் வரமாட்டேங்குது."

"காதுல விழுந்தாத்தானே வாயில வரும்? நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை காலை வானொலியில் ஆங்கிலப் பாடம். அப்பாவின் ரேடியோவை மடியில் வைத்து பஸ்ஸில் போய் இறங்கினேன். தோட்டத்து மின்சாரமோ துரை பங்களாவைத் தாண்டி வராது. ரேடியோ பேட்டரியிலும் பாடும். தோட்டத்திலிருந்த ஒரே பேட்டரி லாரியில் இருந்தது. டிரைவர் அந்தோணி அண்ணன் முடிவெட்டப் போயிருந்தார். ஸ்பேனரை எடுத்துப் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். (கேட்டால் தரமாட்டார் என்ற தொலைநோக்கில் நான் கேட்கவில்லை.)

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ரேடியோ பேசியது. லெட்சுமியைச் சுற்றி உட்கார்ந்த முப்பது பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைய பாடம்: பனிமனிதன் செய்வது எப்படி. ரப்பர் காட்டுப் பிள்ளைகளுக்கு அவசரத் தேவை! பாடம் கால் மணி நேரத்தில் முடிய, சினிமாப் பாட்டு தொடங்கியது. அதுவும் காதுக்குப் பயிற்சிதானே என்று மதியம்வரை ஓடவிட்டேன்.

பேட்டரியை ஒன்றும் தெரியாதவன்போல் திரும்ப மாட்டிவைத்தேன். லெட்சுமி இஸ்திரி போட்ட சேலையோடு, டவுனுக்குப் போக லாரியில் ஏறி உட்கார்ந்தாள். முடிவெட்டி வந்த அந்தோணி அண்ணன் சாவியைத் திருப்ப, லாரி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. அடுத்த பஸ் மூன்று மணிக்கு.

"யாருலா பேட்டரியத் தொட்டது?"

முப்பது விரல்கள் என்னைக் காட்டின. (அன்று அவர்கள் ஒழுங்காகக் கற்ற பாடம் அதுதான்.)

"சீனியர் கேம்பிரிட்ஜ் தொரையா? வாங்க, வந்து தள்ளுங்க!" என்றார் அந்தோணி அண்ணன்.

தள்ளினேன்; செம்மண்ணில் விழுந்தேன். லெட்சுமியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். மூன்றாவது மேட்டுச் சரிவில் லாரி என் முகத்தில் புகையடித்துவிட்டுக் கிளம்பியது.

பத்து நிமிஷம் தாமதம். கையெல்லாம் செம்மண். "ஏன் இந்தக் கோலம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அதிகாரி. லெட்சுமிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. கூடவே ஆங்கிலமும் வந்தது. பேட்டரி, பனிமனிதன், அத்தானின் அறிவு என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். சிரித்து ஓய்ந்த அதிகாரி ஒன்றுதான் கேட்டாராம்: "அந்த அத்தான் இப்போ எங்கே?"

"வெளியே லாரி மறுபடி நின்றுவிட்டது ஐயா. தள்ளிக்கொண்டிருக்கிறார்."

இடம் கிடைத்தது. இன்று லெட்சுமி டீச்சர். நான்? எங்கள் வீட்டில் "நான் பாத்துக்கறேன்" என்று நான் சொன்னால், இருப்பவர்கள் எழுந்துபோய் இரண்டு கையாலும் சுவரைத் தள்ளுவார்கள்.

போன மாதம் செமாபோக்கில் எனக்குப் பெண் பார்த்தோம். "மகள நல்லா வச்சுக்குவீங்களா தம்பி?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். வாய் தவறி அதையே சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்கள் ஏழு பேரும் எழுந்து சுவரைத் தேடினார்கள். முதல் ஆள் லெட்சுமி.