ஆளுக்குக் கொஞ்சம் சுமை

கம்ப்யூட்டர்கள் எல்லாம் திரையில் சிவப்பாகவே நின்றன. சிவப்பு என்றால் மூச்சு முட்ட வேலை என்று அர்த்தம். பிரதாப்புக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு பிரேக் செய்யும் கம்பெனி அது. புது பிரேக் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் கூட்டாகச் சேர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. எந்த மிஷினுக்கு எவ்வளவு வேலை என்று பங்கு பிரித்துக் கொடுக்க ஒரு சாஃப்ட்வேர். கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்க வைத்தவன் பிரதாப். முடிவைப் பார்த்து ஆர்டர் கொடுக்க, பெங்களூரு கம்பெனியின் ராமப்பா சாயங்காலம் நேரில் வருவதாக ஏற்பாடு.

மேனேஜர் பூபதி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ராமப்பா சார் மறுபடியும் போன் பண்ணிட்டாரு. ஆச்சான்னு கேக்கறாரு."

"மிஷின் பத்தலைங்க சார். டிராயிங் செக்‌ஷன்லயும் லினக்ஸ்தானே, அதையும் சேத்துக்கறேன்."

சேர்த்தான். கொஞ்ச நேரம் பச்சை தெரிந்தது. அதற்குள் ராமப்பாவிடமிருந்து இன்னொரு போன். பச்சையும் சிவந்துபோனது. டிராயிங் ஆட்கள் மௌஸை ஆட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

அடுத்து, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் மிஷினைச் சேர்த்தான். டெஸ்பாட்ச் லாவண்யா நேராக வந்து நின்றாள்.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? லாரியை கேட்டுக்கு வெளிய விட கேட்பாஸ் அடிக்க முடியல. லாரிக்காரர் ஹாரன்ல இருந்து கையை எடுக்க மாட்டேங்கறாரு."

"கொஞ்சம் பொறும்மா. உன் மிஷினும் சேர்ந்து இழுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும்."

"எங்க இழுக்குது? லாரிக்குப் பின்னாடி ஷிப்ட் பஸ்ஸும் நிக்குது."

மறுபடியும் போன். பூபதியின் முகம் கறுத்தது. "இந்த ஆர்டர் போச்சுன்னா உன் சாஃப்ட்வேரும் போவும், நீயும் போவ."

"உங்க கம்ப்யூட்டர் ஒண்ணுதான் மிச்சம் இருக்குதுங்க சார்."

அதுவும் போனது. வேலை செய்ய எதுவுமில்லாமல் பூபதி கையைக் கட்டிக்கொண்டு ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராமப்பா வேர்வையைத் துடைத்தபடி நடந்தே உள்ளே வந்தார். "என்ன பூபதி, கேட்டுல திருவிழாவா? காரை ரோட்டுலயே விட்டுட்டு வரேன். ரிசல்ட் எங்க?"

பிரதாப்புக்கு வேறு வழி தெரியவில்லை. நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று கணக்கை நிறுத்தினான். அதற்கு அடியில் அதே பிரேக் கணக்கு, அதே பெயரில், இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தினான். இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"சார், இது ஒரு வேலை இல்லீங்க. காலையில இருந்து யாரோ இதையே திருப்பித் திருப்பிக் கொடுத்திருக்காங்க."

"எவன்யா அவன்? சொல்லு, இப்பவே கேட்டுக்கு வெளிய அனுப்பறேன்" என்று பூபதி எழுந்தார்.

ராமப்பா கைக்குட்டையை மெல்ல மடித்தார். "வேலை எப்படிப் போவுதுன்னு பாக்க எனக்கு ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தீங்கல்ல பூபதி, அதுல 'ரன்'னு ஒரு பட்டன் இருந்துச்சு, மெதுவா போவுதேன்னு, உங்களுக்குப் போன் பண்ணும்போதெல்லாம் நானும் ஒரு அழுத்து அழுத்தி விட்டேன்."