அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

சிதம்பரம்
24.1.2012

அன்புள்ள மச்சான் சார்லஸுக்கு,

மாமா யாகப்பன் எழுதுவது. தானே புயலில் கடையின் பெயர்ப் பலகை பறந்ததைத் தவிர, நானும் உன் அக்கா சவரிமேரியும் கர்த்தர் கிருபையால் குறையில்லாமல் இருக்கிறோம். சென்னையில் நீயும் அவ்விதமே இருக்க வேண்டும்.

கல்லறைத் திருநாளுக்கு வந்தபோது, நம் பிரவுசிங் சென்டரில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒழுங்காக நெட்டைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ரூட்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, "இனிமே பொட்டியே வேணாம் மாமா, கம்ப்யூட்டருக்குள்ளயே ரூட்டர் இருக்கும், இதுக்குப் பேரு விர்ச்சுவல் ரூட்டர்" என்று ஓரத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாயே, உன் போன் பாதியில் கட்டானதால் அதன் முழுக் கதையும் உனக்குத் தெரியாது. கேள். புயலுக்குப் பிறகு கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததில், வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கறகறவென்று சத்தம் போட்டுச் செத்துப்போனது. ஆனால் நெட் வந்துகொண்டேயிருந்தது. பயந்துபோய் உன்னைக் கூப்பிட்டேன். "ரூட்டர் மெமரியில ஓடிட்டு இருக்கு மாமா. அணைச்சா கன்ஃபிகரேஷன், அதான் நான் போட்ட செட்டிங்கு, மொத்தமும் போயிடும். அணைக்காதீங்க" என்றாய். "காப்பி எடுத்து வெச்சிருப்பியே?" என்றேன். "வெச்சிருக்கேன் மாமா. அதே டிஸ்க்குலதான்" என்றாய். நீ இன்ஜினியர், சரியாகத்தான் இருக்கும்.

ஸ்கிரீனில் தெரிவதை நான் போனில் வாசிக்க, நீ அங்கே டைப் அடிப்பதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்துப் பரங்கிப்பேட்டையிலிருந்து சபுரா என்கிற பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். அவள் புருஷன் அபுதாபியில்; பிறந்த மகளை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஜும்மா தொழுகை முடிந்து, மகளை நெட்டில் பார்க்க அங்கே கம்ப்யூட்டர் முன்னால் காத்திருக்கிறான். அப்போதுதானா கரண்ட் போக வேண்டும்! யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. உன் அக்கா, "ஐய, என்னா இது இப்பிடி கத்துது, அணைச்சுடட்டா?" என்று ஓரத்துக் கம்ப்யூட்டரின் சுவிட்சிலேயே கை வைத்துவிட்டாள். நான் போட்ட கூச்சலில் குழந்தை வீறிட்டது. மற்ற கம்ப்யூட்டர்களையெல்லாம் அணைத்தேன். ரூட்டருக்கு ஒன்று, சபுராவுக்கு ஒன்று மட்டும் மிச்சம். நீயோ, "அந்தம்மா அப்புறம் பேசட்டும் மாமா, மொதல்ல கன்ஃபிகரேஷன்" என்றாய். நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அந்தப் பக்கம் அவள், "இங்கப் பாருங்க, மூக்கு உங்க உம்மா மாதிரியே" என்கிறாள். இந்தப் பக்கம் நான், "நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு, புள்ளி, நூத்தி அறுவத்தெட்டு" என்கிறேன். அபுதாபிக்காரன் முகம் வெளுத்து, "யாரு அங்க நம்பர் சொல்றது? ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க? புள்ளைக்கு என்னா?" என்று பதறினான். "புள்ள நல்லாருக்கு தம்பி, இது ரூட்டரு!" என்று கத்தினேன். "அது எந்த வரியில வருது மாமா?" என்று நீ கேட்டாய்.

குழந்தை அழுகையை நிறுத்திக் கண்ணை அகல விரித்துத் திரையைப் பார்த்தது. அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நானும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நீ "ஹலோ, ஹலோ" என்று கத்தியதும், போன் கட்டானதும் காதில் விழாமலில்லை. கொஞ்ச நேரத்தில் யுபிஎஸ் மூச்சை விட்டது. கடைசி சில வரிகளும் அதோடு போயின.

அவற்றை நீயே யோசித்து எழுதி, மறுபடி போன் போட்டு, "மெயில்ல அனுப்பிட்டேன் மாமா" என்றாய். மெயில் பார்க்க நெட் வேண்டும். நெட்டுக்கு ரூட்டர் வேண்டும். ரூட்டரோ உன் மெயிலில் இருக்கிறது! எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சிங்காரத்திடம் போய் நின்றேன். "வாங்க சார், பிரவுசிங்கா?" என்று அவன் கேட்டதை மேல வீதியே கேட்டது. சனிக்கிழமை புது டிஸ்க் போட்டு ஏற்றியாகிவிட்டது. கடையில் நெட் பறக்கிறது. எல்லாம் உன் ரூட்டரின் மகிமை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னையும் மன்னித்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னையும் உன் கம்பெனியையும் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் மாமா
யாகப்பன்

பி.கு.: கவரை ஒட்டும்போது உன் அக்கா சொல்கிறாள்: நேற்று டெலிபோன்காரர் வந்து மாட்டிய புது மோடமே ரூட்டர் வேலையையும் பார்த்துக்கொள்கிறதாம். உன் கம்ப்யூட்டரை அப்போதே அணைத்து, துணி போட்டு மூடி, மேலே பூச்சாடி வைத்துவிட்டாளாம். நெட் பறக்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதானாம். மன்னிப்பை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும்.