குளத்தரசுவின் தனி

ஒரு காட்டில், அதுவும் சபாவும் கேன்டீனும் உள்ள நாகரிகமான காட்டில், குளத்தரசு என்றொரு தவளை இருந்தது. 'நாலு தொண்டை' என்ற பாப் இசைக்குழுவில் நடுவில் நின்று பாடுவது அதுதான். மழை பெய்தால் போதும், இளவட்ட முயல்கள் குளக்கரையில் முண்டியடிக்கும். நாலு தவளையும் ஒரே நேரத்தில் கத்துவதால் எந்தத் தொண்டை யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. கூட்டம் வருவதே தன்னால்தான் என்று குளத்தரசு மட்டும் சத்தியம் செய்யும்.

தன் குரல் மட்டும் ஒரே ஒருமுறை எல்லார் காதிலும் விழவேண்டும் என்ற ஆசை அதைத் தூங்கவிடவில்லை. ஒருநாள் குழுவிலிருந்து விலகிவிட்டது.

"போறதுன்னா போ," என்றது சக பாடகி சேற்றழகி. "ஆனா நீ மூச்சு வாங்கறப்போ நாங்கதான் கத்தி சமாளிப்போம். இனிமே யாரு கத்துவா?"

"நான் மூச்சு வாங்கினாலும் கைதட்டுவாங்க."

நேராக சபாவுக்குப் போனது. அங்கே செயலாளர் உடும்பு. எத்தனை தேர்தல் வந்தாலும் நாற்காலியை விடாத பிடி. அது ஒரு விண்ணப்பத்தை நீட்டியது. 'நிகழ்ச்சி வகை' என்ற இடத்தில் 'குழு' என்று எழுதியே பழகிய குளத்தரசு, இந்த முறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கொட்டை எழுத்தில் 'தனி' என்று எழுதியது. படித்துப் பார்த்து முத்திரை குத்தும் வழக்கம் அந்த சபாவில் கிடையாது. வாசல் போர்டிலும் அப்படியே ஏறியது: 'மாலை ஆறு மணி. குளத்தரசு. தனி.'

காடே திரண்டு வந்தது. குளத்தரசுவுக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டையை உப்பி முதல் 'கொர்ர்' விட்டதும் மொத்தக் கூட்டமும் எழுந்தது. எழுந்து நின்று பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடி உருகியது. கண்ணைத் திறந்தால், அரங்கில் ஓர் ஆமை மட்டும் இருந்தது.

"நீங்களாவது கேக்கறீங்களே, பெரியவரே!"

"நானும் கேன்டீனுக்குக் கெளம்பினவன்தான், தம்பி. இன்னும் வாசல் வந்து சேரல."

"கேன்டீனுக்கா? ஏன்?"

"போர்டுல தனின்னு போட்டிருக்கே!"

அப்போதுதான் உறைத்தது. கச்சேரி நடுவே மரங்கொத்தி மிருதங்கத்தில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால், அந்தக் காட்டு ரசிகர்கள் சட்டென்று காபி குடிக்க எழுந்துவிடுவார்கள். பாட்டன் காலத்துப் பழக்கம். அவர்களுக்குத் தனி என்றால் பஜ்ஜி.

ஆமைக்காகவே குளத்தரசு இரண்டு மணி நேரம் பாடியது. கடைசிப் பாட்டில் ஆமையும் வாசலைத் தாண்டிவிட்டது. மேடையிலேயே உட்கார்ந்து குளத்தரசு தேம்பித் தேம்பி அழுதது.

கேன்டீன் கரடி மாவுக் கையோடு ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டது. "அண்ணே! மரங்கொத்தி தனி வாசிச்சா ரெண்டு தட்டு பஜ்ஜி போகும். உங்க தனிக்கு மாவே தீர்ந்துபோச்சு!"

உடும்பு அங்கேயே சீசன் முழுவதற்கும் தேதி கொடுத்தது. போகிற போக்கில், "போர்டை மாத்திடலாமா? 'பாட்டு'ன்னு போட்டா எல்லாரும் உட்கார்ந்து கேப்பாங்க," என்றது.

குளத்தரசு கண்ணைத் துடைத்துக்கொண்டது. உட்கார்ந்து கேட்பார்களா? முழுவதுமா? மூச்சு வாங்குவதையுமா?

"வேணாம் சார். தனின்னே இருக்கட்டும்."

இன்று அதன் பெயருக்கு முன்னால் 'தனிப்பெரும் பாடகர்' என்ற பட்டம் இருக்கிறது. அது பாடி ஒரு பாட்டுகூடக் கேட்டதாகக் காட்டில் யாரும் சொல்வதில்லை.

நீதி: தனியாகப் புகழ்பெறக் குரல் வேண்டியதில்லை, பஜ்ஜி சூடாக இருந்தால் போதும்.