லீமாக்காரரும் துளசி பாஸ்தாவும்

ஞாயிற்றுக்கிழமையைக் கண்டு ஒருவனை நடுங்க வைக்கக்கூடிய மனிதர் இந்தத் தஞ்சாவூரில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்த லீமாக்காரர். சனிக்கிழமை மாலையே எனக்குச் சோர்வு வந்துவிடும். விடிந்தால் மேலே மிக்ஸி ஓடும். பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடிக்கும். கதவைத் திறந்தால் மூடி போட்ட எவர்சில்வர் தட்டும், அதன் பின்னால் அவர் முகமும் நிற்கும்.

"சூடு ஆறதுக்குள்ள சார்!"

தட்டில் பச்சைப் பசேலென்று பாஸ்தா. பெரு நாட்டுப் பதார்த்தம். லீமாவில் ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக இதைத்தான் செய்வார்கள் என்பது அவர் சொன்ன செய்தி. அவர் சொல்லும் எல்லாச் செய்தியும் லீமாவில்தான் ஆரம்பிக்கும். மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லையே என்று கீழ்வீட்டுக்காரர் புலம்பினால், "லீமால மழையே பெய்யாது சார். அவன் அழுதுட்டா இருக்கான்?" என்பார். லிஃப்ட் நின்றுபோனாலும் லீமா, காய்கறி விலை ஏறினாலும் லீமா. நீர்ப்பாசன ஓவர்சியராக வாய்க்கால் கரையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வெளிநாடு போய்வந்தார். அந்த விமானம் அவரைப் பொறுத்தவரை இன்னும் தரையிறங்கவில்லை.

போனது மகள் வீட்டுக்கு. மகள் லீமாவில் வேலை பார்க்கப் போய், அந்த ஊர்ப் பையனையே கல்யாணம் செய்துகொண்டவள். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. பல வருஷம் போனில்கூடப் பேசவில்லை. பேத்தி பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் மனசு இளகிப் போனார்.

"போய் இறங்கின அன்னிக்கு சம்பந்தியம்மா இதைத்தான் செஞ்சாங்க சார். எனக்கு முதல்ல போட்டுட்டு, நான் ஒரு வாய் சாப்பிட்டப்புறம்தான் மத்தவங்களுக்குப் போட்டாங்க. கல்யாணத்துக்கே வராத மனுஷனுக்கு! மன்னிச்சுக்கோங்கன்னு சொல்ல எனக்கு அவங்க பாஷை தெரியல. இப்ப புள்ள முதல் தடவையா இந்த ஊருக்கு வரப்போவுது. என் வீட்டுல அது உட்கார்ந்து சாப்பிடறப்ப, பாட்டி கைச் சாப்பாடு அதுக்கு இங்கயும் கிடைக்கணும். அதுக்குள்ள நான் தேறிடணும்."

தேற வேண்டியது அவர். சாப்பிட வேண்டியது நான்.

காரணம் அவருடைய மூக்கு. வாய்க்கால் கரையில் ஆரம்பித்த பொடிப் பழக்கத்தில் அந்த மூக்கு எப்போதோ செத்துவிட்டது. சாம்பிராணிக்கும் சாக்கடைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. "உங்க நாக்குதான் சார் எனக்கு நாக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். என் மனைவி கெட்டிக்காரி. ஞாயிறு தோறும் சரியாகப் பத்தேமுக்கால் மணிக்கு அவளுக்குப் பெரிய கோயிலில் ஏதாவது ஒரு வேண்டுதல் வந்துவிடும்.

செய்முறையில் குறை சொல்ல முடியாது. வெங்காயமும் பூண்டும் வதக்குவார். பாலக்கீரை, பனீர், முந்திரி, சுண்டக் காய்ச்சிய பால், அதோடு ஒரு கொத்து வாசனைத் தழை. எல்லாவற்றையும் மிக்ஸியில் மையாக அரைத்து, வெந்த, நூல் நூலான ஸ்பகெட்டியில் கொட்டிப் புரட்டுவார். "சாஸு முறைவச்சுப் பாயணும் சார். தலைமடையில தேங்கி நின்னுட்டு கடைமடை காஞ்சு போயிடக் கூடாது" என்று கரண்டியால் தட்டின் ஓரத்தைக் காட்டுவார். லீமாவில் மேலே ஒரு கறித்துண்டு வைப்பார்களாம். இவர் உருளைக்கிழங்கு வறுவல் வைப்பார். வறுவல் பிரமாதமாக இருக்கும். முதலில் அதைத் தின்றுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

ஏனென்றால் அந்த வாசனைத் தழை, துளசி. "துளசி மாதிரி இருக்கும்ப்பா" என்று மகள் போனில் சொன்னாளாம். மாதிரி என்ன மாதிரி, வீட்டு வாசல் தொட்டியிலேயே இருக்கிறதே என்று இவர் கை நிறையக் கிள்ளிப் போட்டுவிட்டார். பூண்டும் பாலும் துளசியும் சேர்ந்து கொதித்தால் என்ன ஆகும் என்பதைச் சளி பிடித்த குழந்தை வளர்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வாட்ச்மேன் மாரி மார்கழி முழுக்க இருமிக்கொண்டிருந்தவர், ஒரு தட்டு சாப்பிட்டார், இருமல் நின்றது. அடுத்த வாரம் படியேறி வந்து கேட்டார். "ஐயா, அந்தப் பச்சை மருந்து இன்னும் கொஞ்சம் இருக்குங்களா? சம்சாரத்துக்கு நெஞ்சுச் சளி."

கீழ்வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். எல்லோரும் வேன் வைத்துத் திருக்கடையூர் போனோம். லீமாக்காரர் மடியில் ஒரு பெரிய ஹாட்கேஸ். பரிமாறுகிறவரை என்ன சொல்லி மயக்கினாரோ, கூட்டுக்கும் பொரியலுக்கும் நடுவில் இலைக்கு ஒரு கரண்டி பச்சை விழுந்துவிட்டது. பந்தி கொஞ்சம் யோசித்தது. பிறகு சேவைதானே என்று முடிவு செய்து, குழம்புக்குக் கை காட்டியது. லீமாக்காரர் பந்தி நெடுக ஓடினார்.

"ஊத்தாதீங்க! ஐயோ, அதுக்கு எதுவும் ஊத்தக் கூடாதுங்க!"

"ஊத்தாம எப்படி தம்பி எறங்கும்?" என்றார் ஒரு பெரியவர், வத்தக்குழம்பைக் குளம் கட்டியபடி.

பக்கத்து இலைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு விளக்கம் சொன்னார். "கஷாய வாசனை அடிக்குது பாருங்க. அறுபது ஆனவங்க உடம்புக்கு ஆவும்னு போடறாங்க. வீணாக்காதீங்க."

பிரசாதத்தைப் போலப் பயபக்தியுடன் எல்லோரும் விழுங்கினார்கள். திரும்பும்போது லீமாக்காரர் என் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா சார்? ஒரு இலையிலயும் மிச்சமில்ல!"

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். முதல் ஞாயிறு, முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, போட வேண்டியது துளசி இல்லை, திருநீற்றுப்பச்சை என்று. ரோஸ்மில்க்கில் மிதக்கும் சப்ஜா விதை அந்தச் செடியுடையதுதான். துளசியின் பங்காளி, ஆனால் குணம் வேறு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதல் நாள் மரியாதைக்குச் சும்மா இருந்தேன். பிறகு, நன்றாக இல்லாவிட்டால் தானாகவே விட்டுவிடுவார் என்று சும்மா இருந்தேன். அதன் பிறகு சொன்னால், இத்தனை வாரமும் பொய் சொன்னேன் என்று ஆகிவிடும். அதனால் சும்மா இருந்தேன். "எப்படி சார்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "நல்லாருக்கு" என்றேன். அதைச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. பேத்திக்காகத்தான் இவ்வளவும் என்று தெரிந்தே சொன்னேன்.

பள்ளிக்கூட விடுமுறையில் மகளும் பேத்தியும் வந்தார்கள். பேத்தி பெயர் கமீலா. அம்மா பழக்கிய தமிழ் நன்றாகவே பேசினாள். அடுக்ககம் முழுக்கக் கமலா என்று கூப்பிட்டது, அவளும் திரும்பிப் பார்த்தாள். ஞாயிறு சாப்பாட்டுக்கு எனக்கும் அழைப்பு. புது மேஜைவிரிப்பு, புது முள்கரண்டி. லீமாக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பேத்திக்கு முதலில் பரிமாறிவிட்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குழந்தை ஒரு வாய் வைத்தது. மென்றது. கஷ்டப்பட்டு விழுங்கியது.

"தாத்தா, எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு? எதுக்கு மருந்து?"

அவர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. நல்லாத்தானே இருக்கு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பழக்கம் விடவில்லை. "நல்லாருக்கு" என்றேன்.

மகள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். "அப்பா, துளசியா போட்டீங்க?"

"நீதானம்மா சொன்னே!"

"மாதிரின்னுதானேப்பா சொன்னேன்!" சட்டென்று என்னைப் பார்த்தாள். "அங்கிள், நீங்க பாட்டனி ப்ரொபசர்தானே? உங்களுக்குக் கூடவா தெரியல?"

லீமாக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருந்ததோ, முழுவதையும் படித்துவிட்டார்.

"சாரைக் கேக்காத" என்றார் மெதுவாக. "பாவம், அவருக்கு மூக்கே வேலை செய்யாது. வயசாயிடுச்சுல்ல?"

பேத்திக்குத் தயிர்சாதம் வந்தது. பச்சைப் பாஸ்தா பாத்திரத்தோடு உள்ளே போனது.

மறுநாள் காலை பூக்காரத் தெருவுக்குப் போனேன். கதம்பம் கட்டுகிற அம்மாவிடம் திருநீற்றுப்பச்சை மட்டும் தனியாக வேண்டும் என்றேன். "சாமிக்குங்களா?" என்று கேட்டார். "சாப்பிடறதுக்கும்மா" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். வேரோடு இருந்த இரண்டு செடிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டாம் மாடிக்கு ஏறி மணியை அடித்தேன். அந்த மணியை நான் அடித்தது அதுதான் முதல் தடவை.

"இதுதான் சார் அது" என்றேன்.

இலைக்கட்டைக் கையில் வாங்கி, வேலை செய்யாத மூக்கில் வைத்துப் பார்த்தார். "எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முதல் ஞாயித்துக்கிழமையிலேர்ந்து."

இலையைத் தடவினார். "உங்களுக்குப் பிடிக்கலேன்னு எனக்கும் தெரியும் சார். வறுவலை மட்டும் முதல்ல திங்கிற ஆளு பொய் சொல்றான்னு கண்டுபிடிக்க மூக்கு எதுக்கு? ஆனா இந்த பில்டிங்ல நான் மணி அடிச்சா கதவைத் திறந்த ஆளு நீங்க ஒருத்தர்தான். சரி சரி, உள்ள வாங்க. பூண்டை உரிங்க."

பூண்டை உரித்தேன். அன்று மத்தியானம் கமீலா மறுபடி ஒரு வாய் வைத்தாள். நாங்கள் இரண்டு கிழவர்களும் மூச்சு விடவில்லை.

"பாட்டி செய்யற மாதிரி இல்ல" என்றாள். அவர் தோள் சரிந்தது. குழந்தை தட்டை நீட்டியது. "ஆனா இன்னும் கொஞ்சம் போடுங்க தாத்தா."

லீமாக்காரர் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். மிக்ஸி வெகுநேரம் ஓடியது. அரைப்பதற்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது அவர் லீமாவில் மகளோடு இருக்கிறார். தஞ்சாவூரில் எல்லாம் எப்படி என்று சொல்லிச் சொல்லி அங்கே இருக்கிறவர்களைப் படுத்துவதாகக் கேள்வி. பூக்காரத் தெருச் செடிகள் என் பால்கனித் தொட்டியில் தழைத்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை நானே பாஸ்தா செய்கிறேன். இலை சரியான இலை. சாஸ் கடைமடை வரை பாய்கிறது. என் மனைவிகூட இப்போதெல்லாம் கோயிலுக்குப் போவதில்லை. ஆனாலும் எனக்கு ஏதோ ஒன்று குறைவாகவே பட்டது.

போன ஞாயிறு, மனைவி பார்க்காத நேரத்தில், என் தட்டில் மட்டும் நாலு துளசி இலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டேன். நல்லாருக்கு.