எஞ்சினும் பெட்டியும்

நாய் இழுத்த இழுப்பில் டிரைவிங் மாஸ்டரின் ஒரு செருப்பு தெருமுனையிலேயே நின்றுவிட்டது. மற்றதோடு அவர் பூங்கா வாசல் வரை போய்ச் சேர்ந்தார்.

"யாரு யாரைக் கூட்டிட்டு வர்றது மாஸ்டர்?" என்றார் பூங்கா வாட்ச்மேன்.

"எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்தாதய்யா. ஞாயித்துக்கிழமைக்குள்ள இது இழுக்காம நடந்தாகணும்."

கை நடுங்குகிறவர்களுக்கெல்லாம் இருபது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷர். இந்த நாலு கால் பிராணியிடம் அவர் பாச்சா பலிக்கவில்லை.

நாயின் பெயர் எஞ்சின். மகள் வைத்த பெயர். "அது எஞ்சின், நான் பெட்டி!" என்று கயிற்றைப் பிடித்தபடி ரயில் விளையாட்டாகத் தெருவெல்லாம் பின்னால் ஓடுவாள். பதினொரு வயசு. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது; பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது.

அதிலிருந்து, ஆணியில் தொங்கும் கயிற்றை அவர் எடுத்தாலே மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நாய் கண்ணில் படப்பட அவள் மனசு அறுபடுகிறது, எங்காவது அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்து அக்காவைக் கேட்டார்.

"எனக்கு மூட்டுவலிடா தம்பி. ஞாயித்துக்கிழமை வர்றேன், கயிறு தொய்வா நடந்தா கூட்டிட்டுப் போறேன். இழுத்தா நீயே வச்சுக்கோ."

மனைவியிடம் சொன்னார்.

"உங்க இஷ்டம்," என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி.

இழுத்தால் அசையாமல் நில்லுங்கள் என்றார் கால்நடை டாக்டர். நின்றார். நாயும் நின்றது, நடுத்தெருவில். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. பழைய மாணவி.

"நடுரோட்டுல நிக்காதேன்னு என்னை அந்தத் திட்டு திட்டினீங்களே மாஸ்டர்!"

இழுத்தால் திரும்பி எதிர்ப்பக்கம் நடங்கள் என்றார் டாக்டர். ஐந்தாவது யூ-டர்னில் மாஸ்டரும் நாயும் ஒரே விளக்குக் கம்பத்தில் கட்டுண்டு கிடந்தார்கள். வாட்ச்மேன்தான் வந்து சிக்கெடுத்தார்.

கடைசியில் பிஸ்கட். தொய்வாக நாலடி நடந்தால் ஒன்று. பிஸ்கட் எங்கே குடியிருக்கிறது என்று எஞ்சின் கண்டுபிடித்ததில் பேன்ட் பாக்கெட் கிழிந்தது. மனைவி ஒரு வார்த்தை கேட்காமல் தைத்துக் கொடுத்தாள்.

விசித்திரம் என்னவென்றால், காலையில் கொஞ்சம் கற்றுக்கொள்ளும். மறுநாள் காலை துடைத்த சிலேட்டாக வந்து நிற்கும்.

சனிக்கிழமை மட்டும் இருபது அடி முழுசாக, கயிறு தொங்கத் தொங்கப் பக்கத்திலேயே நடந்தது. மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கயிறு கையில் கனமே இல்லாமல் இருந்தது, மறுமுனையில் யாருமே இல்லாத மாதிரி.

ஞாயிறு காலை அக்கா வந்தாள். பூங்கா வாசலில் கயிற்றை அவள் கையில் கொடுத்தார். ஒரே இழுப்பு. அக்கா புல்தரையில் உட்கார்ந்த பிறகுதான் விழுந்ததே அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு எமன் வேற தனியா வரணுமாடா? நீயே வச்சுக்கோ!"

மாஸ்டர் தலையில் கை வைத்தார். "நேத்து இருபது அடி நடந்துச்சுய்யா! நீயும்தானே பாத்தே?"

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"பாத்தேன் மாஸ்டர். ஆனா தினம் மத்தியானம் உங்க வீட்டம்மாவும் இதைக் கூட்டிட்டு வர்றாங்களே... இழுத்தா அவங்க பிஸ்கட் குடுக்கறாங்க. 'இழு எஞ்சின், இனிமே நான்தான் பெட்டி'ன்னு சொல்லிக்கிட்டே பின்னால ஓடறாங்க."