மூலைக்காரர் லென்ஸ் வாங்கிய கதை

ஓசூரில் போட்டோவைக் கையில் கொடுத்தால் முகத்தைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். நாலு மூலைகளையும் பார்ப்பார், திருப்பிக் கொடுத்துவிடுவார். ஸ்டூடியோ வைத்திருந்த அவரை ஊரே மூலைக்காரர் என்றது. கல்யாணப் பத்திரிகை வைத்தாலும் மூலையைத்தான் உற்றுப் பார்ப்பார். மஞ்சள் தடவியிருக்கிறதா என்று பார்க்கிறார், எவ்வளவு ஆசாரமான மனுஷன் என்று பெண்வீட்டார் பூரித்துப்போவார்கள்.

நான் அப்போது ஒரு பம்ப் ஃபேக்டரியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று குரூப் போட்டோ, எடுப்பவர் மூலைக்காரர். நடுவில் நாற்காலியில் மேனேஜர்கள், கடைசி ஓரத்தில் கேன்டீன் ராமக்கா. மேனேஜரின் மீசை மயிர் மயிராக விழும். ராமக்காவின் முகம் கரைந்துபோயிருக்கும். அந்த வருஷத்தோடு அவள் ரிட்டயர். "இந்த வாட்டியாச்சும் மொகம் தெரியணும்ண்ணா. இத்தன வருசம் இங்க இருந்தேன்னு காட்ட எங்கிட்ட வேற என்னா இருக்குது?" என்று மூலைக்காரரிடம் கேட்டாள்.

பிரிண்ட் வந்தது. வழக்கம்போலக் கரைந்திருந்தாள். கேமரா மோசம் என்றேன் நான், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. மூலைக்காரர் நெகட்டிவ்மேல் பூதக்கண்ணாடியை வைத்துக் காட்டினார். ஓரம் கூர்மையாகத்தான் இருந்தது. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரின் லென்ஸ்தான் குற்றவாளி. "இது மூணு கண்ணாடி லென்ஸுங்க. நடுவுல உக்காந்தவங்களுக்கு மட்டுந்தான் ஒழைக்கும். ஆறு கண்ணாடி வாங்காம விடமாட்டேன்."

பஜாரில் போட்டோ சாமான் கடையில் அப்படி மூன்று இருந்தன. சோதித்துப் பார்க்க வெளியே தரமாட்டேன் என்றார் கடைக்காரர். மூலைக்காரர் என்லார்ஜரையே தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூடப் போன பாவத்துக்கு அதன் பலகையை நான் சுமந்தேன். சோதிக்க இருட்டு வேண்டுமே. நட்டநடுப் பகலில் கடையின் ஷட்டரை மூலைக்காரரே தடாலென்று இழுத்து மூடினார்.

செய்தித்தாள் பக்கம் ஒன்றைப் படமெடுத்த நெகட்டிவ் அவர் பையில் இருந்தது. ஒவ்வொரு லென்ஸாக மாட்டி, மூலையிலிருந்த வரி விளம்பரத்தைப் படித்தார். முதல் லென்ஸில் எழுத்தெல்லாம் புகை. இரண்டாவதில் மூன்று மூலை சரி, நாலாவது சரியில்லை. கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, இது போதுமே என்று கெஞ்சினார். மூன்றாவதில், லென்ஸின் ஒளித் துவாரத்தை இரண்டு படி சுருக்கியதும், நாலு மூலையிலும் எழுத்து அப்படியே நின்றது.

ஷட்டரைத் தூக்கினால் பஜாரே மூடிக்கிடக்கிறது. எங்களுடையது எல்லை ஊர்; பகலில் ஒரு ஷட்டர் விழுந்தால் கலவரம்தான் என்று நினைத்து, யாரும் காரணம் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், தங்களுடையதையும் இழுத்துவிடுவார்கள். பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் இடுக்கு வழியாக, "ஏனாயித்து?" என்றார் பயந்துபோய், என்ன ஆச்சு என்று கன்னடத்தில்.

"நாலு மூலையும் சுத்தமா இருக்குதுங்க," என்றார் நம்மவர்.

அந்த லென்ஸை வாங்கிப் போட்ட புதுப் பிரிண்டோடு கேன்டீனுக்குப் போனோம். ராமக்காவின் மூக்குத்தி, குங்குமம், சேலைக்கரை எல்லாமே துல்லியம். கண்கள் மட்டும் மூடியிருந்தன. கூர்மையை மட்டுமே பார்த்த மனுஷன், கண்ணைக் கவனிக்கவே இல்லை. அவர் முகம் செத்துவிட்டது.

ராமக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கண்ணு மூடிக்கினா என்னாண்ணா? நாந்தானே இது."

மூலைக்காரர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரை நான் கேலி செய்யாத நாளில்லை. அன்றைக்கு ஏனோ அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, பிடித்துக்கொண்டேன்.